காஃபி ஸ்டில் வழியே வந்த புகை

பாட்டிலின் முகப்பில் 'சிங்கிள் கிரெயின்' என்று போட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு கோதுமையையோ மக்காச்சோளத்தையோ எதிர்பார்த்து ஊற்றினால் கணக்கு தப்பும். ஸ்காட்லாந்து விஸ்கியான லாக் லோமண்ட் பீட்டட் சிங்கிள் கிரெயின் தயாராவது பார்லி மால்ட்டிலிருந்து, அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியிலிருந்து; அதில் ஏற்றியது பீட் என்ற சதுப்பு நில மண்ணை எரித்த புகை. ஐலா தீவின் புகை விஸ்கிகளுக்குப் போடும் அதே வகைச் சரக்கு. அப்புறம் ஏன் மால்ட் என்று போடாமல் கிரெயின் என்று போட்டார்கள்? காய்ச்சிய பாத்திரம், அதாவது ஸ்டில், வேறு, அதனால்.

ஸ்காட்ச் விஸ்கி விதிமுறைகள் 2009 நவம்பர் 23இல் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி சிங்கிள் மால்ட் என்று பெயர் வாங்க மூன்று நிபந்தனைகள். தண்ணீரும் முளைகட்டிய பார்லியும் தவிர வேறெதுவும் மூலப்பொருளாக இருக்கக்கூடாது, ஒரே ஆலையில் தயாராக வேண்டும், பானை போன்ற பாட் ஸ்டில்லில் ஈடு ஈடாகக் காய்ச்ச வேண்டும். முதல் இரண்டிலும் தேறிவிடும் இந்த விஸ்கி மூன்றாவதில் விழுகிறது. காரணம், இது கோபுரம் போல் நின்று தொடர்ந்து ஓடும் காஃபி ஸ்டில்லில் காய்ச்சியது. மால்ட்டிலும் சேராது, பல விஸ்கிகளைக் கலந்த பிளெண்டிலும் சேராது என்று நிற்கும் விஸ்கியைப் போட விதிகளில் இருக்கும் ஒரே பெட்டி சிங்கிள் கிரெயின். கிளாஸ்கோவுக்கு வடமேற்கே அலெக்சாண்ட்ரியா ஊரில் இருக்கும் இந்த ஆலை, மால்ட்டைக் காய்ச்சுவதற்காகவே காஃபி ஸ்டில்லை நிறுவியது 2007இல். இரண்டே வருடத்தில் விதி மாறியது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பாட் ஸ்டில்லில் வந்தால்தான் விஸ்கியா என்ற வழக்கு முற்றிப்போய் பிரிட்டனில் ராயல் கமிஷன் வரை சென்றது. 1909இல் கமிஷன் சொன்ன முடிவு: விஸ்கி என்ற பெயரைப் பாட் ஸ்டில்லோடு கட்டிப்போட வேண்டியதில்லை. சரியாக நூறு வருடம் கழித்து, மால்ட் என்ற பெயரை அதே பாட் ஸ்டில்லோடு கட்டிப்போட்டார்கள். ஜப்பானில் நிக்கா நிறுவனம் இதே முறையில், புகை இல்லாமல், காய்ச்சும் விஸ்கிக்குக் 'காஃபி மால்ட்' என்றே பெயர். ஸ்காட்லாந்தில் அப்படி எழுத முடியாது.

(காஃபி என்றதும் குடிக்கிற காபி நினைவுக்கு வர வேண்டாம். 1830இல் இந்த ஸ்டில்லுக்குக் காப்புரிமை வாங்கிய அயர்லாந்துக்காரர் ஈனியஸ் காஃபியின் பெயர் அது. சாராய வரி வசூலிக்கும் அதிகாரியாக இருந்தவர்.)

வழக்கமான கிரெயின் விஸ்கியில் புகை ஏன் இல்லை என்பதைப் பார்த்துவிட்டால் இது எவ்வளவு விசித்திரமான சரக்கு என்பது புரியும். கோதுமையையோ மக்காச்சோளத்தையோ வேகவைத்து, அதன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்க வேண்டிய நொதிகளுக்காகக் கொஞ்சம் முளைகட்டிய பார்லி சேர்ப்பார்கள். சுமார் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பார்லியில் புகை வாசனை தரும் ஃபீனாலை 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) ஏற்றினாலும் மொத்தக் கலவைக்கு 5 பிபிஎம்தான் வரும். அதையும் ஆல்கஹால் 94 சதவீதத்தை ஒட்டி வரும்படி காய்ச்சினால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. சட்டம் விதிக்கும் உச்சவரம்பு 94.8, அதற்குக் கீழே இருந்தாக வேண்டும். ஆக, புகை வேண்டும் என்றால் தானியம் முழுவதையும் மால்ட்டாக்க வேண்டும், அந்த மால்ட்டில் புகை ஏற்ற வேண்டும், காய்ச்சும் வலுவையும் இறக்க வேண்டும். மூன்றுமே செலவு. கிரெயின் விஸ்கி என்பதே செலவைக் குறைக்கப் பிறந்தது என்பதால்தான் யாரும் இந்தப் பக்கம் வருவதில்லை.

மால்ட்டில் புகை ஏறுவதற்கும் ஒரு பக்குவம் இருக்கிறது. முளைவிட்ட பார்லி சூளைக்கு வரும்போது அதன் ஈரம் ஏறக்குறைய 45 சதவீதம். மேல்தோல் ஈரமாக இருக்கும் வரைதான் புகை ஒட்டும். காய்ந்த பிறகு எத்தனை மணி நேரம் பீட் எரித்தாலும் வீண். அதனால் முதலில் பீட்டைத் தணலாக, புகையும்படி எரித்து, ஈரம் இறங்கியதும் வெறும் சூடான காற்றுக்கு மாற்றுவார்கள். பீட் என்பது சதுப்பு நிலத்தில் பாசியும் புல்லும் முழுதாக மக்காமல் ஆயிரக்கணக்கான வருடம் படிந்து கிடந்த மண். அது எரியும்போது ஃபீனால், கிரெசால், குவையகால் முதலான சேர்மங்கள் கிளம்பி உமியில் ஒட்டிக்கொள்ளும். பாட்டில்களைப் பற்றிய பேச்சில் அடிபடும் பிபிஎம் எண், மால்ட்டில் எவ்வளவு ஒட்டியது என்பதற்கான அளவு. கிளாஸில் இருப்பதன் அளவு அன்று. ஐலாவின் ஆர்ட்பெக் விஸ்கிக்கு 55 என்று சொல்வது மால்ட்டுக்கு. சக்கையோடு கொஞ்சம், காய்ச்சிய பின் அடியில் நிற்கும் கழிவில் கொஞ்சம், வடிப்பில் வெட்டித் தள்ளுவதில் கொஞ்சம் என்று பாதிக்கு மேல் வழியிலேயே போய்விடும். ஒரே பிபிஎம் மால்ட்டை இரண்டு ஆலைகளுக்குக் கொடுத்தால் இரண்டு விதப் புகை வருவது இதனால்தான்.

இனி ஸ்டில்லுக்கு வருவோம். சுவையில் தெரியும் வித்தியாசம் முழுக்க இங்கேதான் பிறக்கிறது.

பாட் ஸ்டில் வேலை செய்வது நேரத்தை வைத்து. இரண்டாம் காய்ச்சலில் முதலில் வருவது தலை, பிறகு நடு, கடைசியில் வால். தலையில் நெயில் பாலிஷ் நெடி அடிக்கும் லேசான சேர்மங்கள், வாலில் கனமானவை. புகைக்குக் காரணமான ஃபீனால் வகைகள் நடுப்பகுதியின் பின்பாதியில்தான் கூட்டமாக வரத் தொடங்கும். காய்ச்சுபவர் எந்த இடத்தில் வெட்டுகிறார் என்பதே விஸ்கியின் புகையைத் தீர்மானிக்கும். வெட்டைச் சற்றுத் தள்ளிப்போட்டால் தார், டிங்சர், கப்பல் கயிறு எல்லாம் உள்ளே வரும். சீக்கிரம் வெட்டினால் புகை மென்மையாகிவிடும்.

காஃபி ஸ்டில்லில் நேரம் என்பதே இல்லை. இருப்பது உயரம். இரண்டு கோபுரங்கள், அனலைசர் ஒன்று, ரெக்டிஃபையர் ஒன்று. வாஷ், அதாவது நொதித்த மால்ட் கரைசல், அனலைசரின் மேலிருந்து தட்டுத் தட்டாக இறங்கும், கீழிருந்து நீராவி ஏறும். நீராவி ஆல்கஹாலைப் பிடுங்கிக்கொண்டு ரெக்டிஃபையரின் அடிக்குப் போகும். அங்கே மேலே ஏற ஏற, ஒவ்வொரு தட்டிலும் கொஞ்சம் குளிர்ந்து சொட்டும், மிச்சம் ஏறும். அந்தக் குளிர்ச்சியைக் கொடுப்பதும் வாஷ்தான். கோபுரத்துக்குள் வளைந்து வளைந்து இறங்கும் குழாயில் அது ஓடும். ஆவியைக் குளிரவைத்துத் தானும் சூடேறி அனலைசருக்குப் போகும். ஏறக்குறைய இருநூறு வருடத்துக்கு முந்தைய ஒருவரின் எரிபொருள் சிக்கனம் அது. தலை, நடு, வால் எல்லாம் ஒரே நேரத்தில் வெவ்வேறு உயரங்களில் நின்றுகொண்டிருக்கும். எந்தத் தட்டிலிருந்து எடுப்பது என்பதுதான் இங்கே வெட்டு.

ஃபீனால் வகைகள் நீர் மிகுந்த இடத்தில் நீராவியோடு தொற்றிக்கொண்டு ஏறிவிடும். ஆல்கஹால் அடர்த்தியாக இருக்கும் மேல்தட்டுகளில் அவற்றுக்கு ஏற மனம் வராது. திரவத்திலேயே தங்கி மறுபடி கீழே வழியும். எத்தனால் கொதிப்பது 78 டிகிரியில், ஃபீனால் 182இல், குவையகால் 205இல். ஆக, தட்டுகள் கூடக்கூட, எடுக்கும் வலு உயர உயர, புகை கழன்றுகொண்டே போகும். வலுவை இறக்கி எடுத்தால் ஒரு பங்கு தப்பி மேலே வந்துவிடும். அப்படித் தப்பி வந்த புகைதான் இந்த பாட்டிலில் இருப்பது. பாட் ஸ்டில்லின் வால் பகுதியில் வரும் பிசுபிசுப்பான தார் இதில் கிட்டத்தட்ட இல்லை. எஸ்டர்கள், அதாவது பழவாசனை தருபவை, எளிதில் ஏறி வந்துவிடும். பழம் முன்னால், புகை பின்னால் என்கிற வரிசை ஸ்டில்லிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

இதைத் தெரிந்துகொண்டு சுவைத்தால்தான் இந்த விஸ்கிக்கு நியாயம் கிடைக்கும். ஐலாவை மனதில் வைத்துக்கொண்டு குடிப்பவர் 'நீர்த்துப்போன புகை' என்று ஒதுக்கிவிடுவார். அதில் பாதி உண்மையும் இருக்கிறது; நாக்கின் நடுவில் இதற்கு உடல், அதாவது வாயில் உணரும் கனம், கம்மி. ஆனால் ஸ்டில் புகையை என்ன செய்கிறது என்று கேட்டுக் குடிப்பவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது கடினம்.

தனியாகக் குடித்தால் பாடம் கிடைக்காது. பக்கத்தில் இன்னும் இரண்டு கிளாஸ் வேண்டும். முதலாவது, இதே ஆலையின் புகை இல்லாத சிங்கிள் கிரெயின். அதுவும் பார்லி மால்ட், அதுவும் காஃபி ஸ்டில், அதுவும் 46 சதவீத ஆல்கஹால். இரண்டாவது, பீட்டட் சிங்கிள் கிரெயின். மூன்றாவது, இதே ஆலையின் பாட் ஸ்டில்லில் வந்த புகை மால்ட்டான இன்ச்மோன் 12 வருடம், 46 சதவீதம். ஒன்றுக்கும் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு புகை. இரண்டுக்கும் மூன்றுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் ஸ்டில். பெரும்பாலும் என்று சொல்லக் காரணம், இன்ச்மோனுக்குப் பன்னிரண்டு வருட மரம் இருக்கிறது. சிங்கிள் கிரெயினில் வயது அச்சிடப்பட்டிருக்காது, சட்டப்படி மூன்று வருடம் ஓக் பீப்பாயில் இருந்தால் போதும். மூன்றும் ஒரே வலு என்பது பெரிய வசதி. வலு வேறுபட்டால் நாம் ஒப்பிடுவது ஆல்கஹாலின் காரத்தைத்தான்.

கிளாஸ் வாய் குறுகி, வயிறு அகன்று இருக்க வேண்டும். மூன்றும் ஒரே மாதிரி கிளாஸ். அகன்ற வாய் டம்ளரில் இந்த மெல்லிய புகை நிற்கவே நிற்காது. கழுவும் சோப்பின் வாசனையும் துடைத்த துணியின் வாசனையும் கிளாஸில் ஒட்டியிருந்தால் அதுவே புகையை மறைக்கும். ஆகவே வெந்நீரில் அலசி, துடைக்காமல் கவிழ்த்து உலரவிடுங்கள். அலமாரியில் கவிழ்த்தே வைத்திருந்த கிளாஸ் பலகை வாடையைப் பிடித்திருக்கும்; அதையும் ஒருமுறை அலச வேண்டும்.

கிளாஸுக்கு 20 மில்லி. அறைச்சூடு 18 முதல் 22 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. ஊற்றிப் பத்து நிமிடம் தொடாமல் வையுங்கள். இளம் வயது கிரெயின் ஸ்பிரிட்டில் முதல் நிமிடங்களில் பசை போல, நெயில் பாலிஷ் போல ஒரு நெடி கிளம்பும். அதை வைத்துத் தீர்ப்பு எழுதிவிடக்கூடாது, பெரும்பகுதி பறந்துவிடும். பத்து நிமிடத்துக்குப் பிறகும் அதே நெடி முன்னால் நின்றால், அது ஸ்பிரிட்டின் இளமை. புகை அதிகமான விஸ்கிகளில் இந்த இளமை புகைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். இங்கே ஒளிய இடமில்லை.

முகர்வதில் ஒழுங்கு முக்கியம். புகையில்லாததில் தொடங்குங்கள். கிளாஸை மோவாய் உயரத்தில் வைத்து வாயைச் சற்றுத் திறந்தபடி மூச்சை இழுத்தால் ஆல்கஹால் மூக்கைக் குத்தாது. வெனிலா, அன்னாசி, எலுமிச்சைத் தோல், மால்ட் பிஸ்கட் என்ற வகையில் வாசனைகள் வரும். அதை நன்றாக மனதில் பதித்துக்கொண்ட பிறகு இரண்டாவது கிளாஸ். முதலில் அதே பழம்தான் வரும். பலர் இந்த இடத்தில் 'புகையே இல்லையே' என்பார்கள். கிளாஸை மூக்கிலிருந்து எடுத்து, ஒரு முழம் தள்ளிப் பிடித்து, மெல்ல அருகே கொண்டுவாருங்கள். தூரத்தில் புகை தெரியும், அருகே வந்ததும் பழம் அதை மூடிவிடும். அணைந்து ஒரு நாளான விறகடுப்பின் சாம்பல் போல இருக்கும். மருந்துக்கடை வாசனையோ கடல்பாசியோ இராது. மூன்றாவது கிளாஸில் நேர் எதிர். புகை முன்னால் வந்து நின்றுகொண்டு மற்றதைத் தேடவைக்கும். அதை முகர்ந்துவிட்டு உடனே இரண்டாவதுக்குத் திரும்பினால் அதில் புகை சுத்தமாகக் காணாமல் போயிருக்கும். மூக்கு பழகிப்போனதன் விளைவு அது. ஐந்து நிமிடம் எழுந்து வெளிக்காற்றில் நின்றுவிட்டு வந்தால் திரும்பக் கிடைக்கும்.

வாயில் 3 மில்லிக்கு மேல் வேண்டாம். பத்து நொடி நாக்கின் மேல் உருட்டி, விழுங்கிவிட்டோ துப்பிவிட்டோ, வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியே மூச்சை விடுங்கள். இந்த விஸ்கியின் புகை உண்மையில் இருக்கும் இடம் அந்த வெளிமூச்சில்தான். நாக்கில் இனிப்பும் மெல்லிய எண்ணெய்ப் பதமும், பிறகு ஒரு சிறு காலியிடம். மூச்சு வெளியே போகும்போது காய்ந்த சாம்பல். அந்தக் காலியிடம்தான் முன்னே சொன்ன உடல் குறைவு. இன்ச்மோனில் அந்த இடத்தில் கனமான மால்ட் வந்து உட்கார்ந்திருக்கும்.

தண்ணீர் சேர்ப்பதை எப்போதும் கண்ணளவில் செய்துவிட்டுப் பிறகு குறை சொல்வது வழக்கம். ஊசியில்லாத 5 மில்லி சிரிஞ்ச் ஒன்று இருந்தால் போதும். 46 சதவீதத்தில் 20 மில்லிக்கு, 1 மில்லி சேர்த்தால் 43.8 ஆகும். 3 மில்லியில் 40. 6 மில்லியில் 35.4. சம அளவு சேர்த்தால் 23. விஸ்கிகளைக் கலக்கும் பிளெண்டர்கள் வேலையாக முகரும்போது 20 சதவீதம் அளவுக்கு இறக்கித்தான் முகர்வார்கள். அதற்கு 26 மில்லி தேவை. ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தில் பியோர்ன் கார்ல்சனும் ரான் ஃப்ரீட்மனும் 2017இல் வெளியிட்ட கணினி மாதிரி ஆய்வு ஒன்று குவையகாலை வைத்தே இதைப் பார்த்தது. 45 சதவீதம் வரையான ஆல்கஹாலில் குவையகால் திரவத்தின் மேற்பரப்பில் தங்குகிறது. 59 சதவீதத்துக்கு மேல் போனால் எத்தனால் அதைச் சூழ்ந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. 46 என்பது எல்லையை ஒட்டி நிற்கும் எண். அதனால் இங்கே முதல் 1 மில்லி தண்ணீரிலேயே வித்தியாசத்தைத் தேடலாம். 3 மில்லியில் பழம் விரியும். 6 மில்லி தாண்டினால் முகர்வதற்கு நன்றாக இருக்கும், குடிப்பதற்குச் சப்பென்று ஆகிவிடும். ஏற்கெனவே உடல் குறைந்த விஸ்கியில் தண்ணீரைக் கொட்டினால் வேறென்ன மிஞ்சும்?

அந்தத் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. குளோரின் வாடை அடிக்கும் குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது. குளோரினும் ஃபீனாலும் சேர்ந்தால் உருவாகும் குளோரோஃபீனால்கள் மிகச் சிறிய அளவிலேயே மருத்துவமனை நெடியாக மூக்கில் ஏறும். பீர் காய்ச்சுபவர்கள் இதற்குப் பயந்து தண்ணீரை வடிகட்டாமல் தொடமாட்டார்கள். இந்த விஸ்கியில் டிங்சர் வாசனை வருகிறது என்று யாராவது எழுதினால் முதலில் அவருடைய தண்ணீரைச் சந்தேகிக்கலாம். உப்புகள் குறைந்த பாட்டில் தண்ணீர், அறைச்சூட்டில். ஐஸ் போட்டால் பழம் அடங்கிப்போய், மரத்தின் கசப்பும் சாம்பலும் மட்டும் தனித்து நிற்கும். 46 சதவீதத்தில் குளிர்வடிகட்டல் (குளிரவைத்து வடிகட்டுவது) செய்யாத விஸ்கியை 30 சதவீதத்துக்கு இறக்கினாலோ ஐஸ் போட்டாலோ லேசாகக் கலங்கவும் செய்யும். அது கெட்டுப்போனதல்ல, நீண்ட சங்கிலிக் கொழுப்பு எஸ்டர்கள் கரையாமல் பிரிவது.

சுவைத்து முடித்ததும் கிளாஸ்களைக் கழுவிவிடாதீர்கள். இந்தச் சோதனையின் சிறந்த பகுதி அதற்குப் பிறகுதான். கடைசித் துளி வரை கவிழ்த்து ஊற்றிவிட்டு, மூன்று கிளாஸையும் நிமிர்த்தி மேசையிலேயே விட்டு, மறுநாள் காலை முகருங்கள். எத்தனாலும் எஸ்டர்களும் பறந்துவிட்டிருக்கும், எளிதில் ஆவியாகாத ஃபீனால் வகைகள் கண்ணாடிச் சுவரில் தங்கியிருக்கும். முதல் கிளாஸில் மரமும் தேனும். மூன்றாவதில் தார் பூசிய பலகை. இரண்டாவதில், முந்தைய நாள் தேடித் தேடிப் பிடித்த புகை தனியாக, மறைக்க எதுவும் இல்லாமல் நிற்கும். எவ்வளவு மெல்லியது, எவ்வளவு வறண்டது, மருந்து நெடி எந்த அளவுக்கு இல்லாமல் இருக்கிறது என்பதெல்லாம் அப்போது ஐயமில்லாமல் தெரியும். காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் வடிதாள் துண்டில் இரண்டு சொட்டு விட்டு அரைமணி நேரம் கழித்து முகரலாம். அது பாதி விடைதான் தரும்.

நம் மூக்கு லேபிளைப் பார்த்துப் பொய் சொல்லும். 'பீட்டட்' என்று படித்துவிட்டால் வெறும் கிரெயினிலும் புகை வரும். இதைச் சரிபார்க்க முக்கோணச் சோதனை இருக்கிறது. மூன்று கிளாஸில், இரண்டில் ஒரே விஸ்கி, ஒன்றில் மற்றது. ஒவ்வொன்றிலும் 10 மில்லி. இன்னொருவர் ஊற்றி, அடியில் எண் ஒட்டி, இடம் மாற்றி வைக்க வேண்டும். தனித்து நிற்பது எது என்று முகர்ந்து சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்லும் வாய்ப்பே மூன்றில் ஒன்று என்பதால் ஒருமுறை சரியாகச் சொன்னதற்கு அர்த்தமில்லை. ஆறு முறை செய்து ஐந்து சரியென்றால், அது வெறும் அதிர்ஷ்டமாக இருக்க வாய்ப்பு 2 சதவீதத்துக்கும் கீழே. நான்குதான் சரி என்றால் 10 சதவீதம். அதை வைத்துப் பெருமை பேச முடியாது. முகர்வது மட்டும்தான் என்பதால் ஆறு சுற்றுக்கும் அதே சரக்கு போதும், போதையும் ஏறாது. இடம் மட்டும் ஒவ்வொரு சுற்றுக்கும் மாற வேண்டும். நிறம் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் விளக்கைக் குறைத்துவிடுங்கள், அல்லது கிளாஸைத் தாளால் சுற்றிவிடுங்கள்.

புகை கிரெயினுக்கு இன்னொரு குறுக்குவழியும் உண்டு. சாதாரணக் கிரெயின் விஸ்கியை, முன்பு புகை மால்ட் இருந்த பீப்பாயில் சில மாதம் போட்டு எடுப்பது. காலியான பீப்பாயின் பலகைகள் சில லிட்டர் பழைய விஸ்கியைக் குடித்துவைத்திருக்கும். 200 லிட்டர் பீப்பாயில் 6 லிட்டர் என்று வைத்தால் 3 சதவீதம். அதை வீட்டிலேயே போலச் செய்து பார்க்கலாம். புகையில்லாத சிங்கிள் கிரெயின் 19.4 மில்லியில் இன்ச்மோன் 0.6 மில்லியைச் சிரிஞ்சால் விட்டு, மூடிவைத்து ஒரு மணி நேரம் கழித்து பீட்டட் சிங்கிள் கிரெயினோடு ஒப்பிடுங்கள். இன்னொரு கிளாஸில் 1 மில்லிக்கு 19 மில்லி, அதாவது 5 சதவீதம். பீப்பாய் மரத்தின் பங்கு இதில் வராது, ஆனாலும் வேறுபாட்டைப் பிடிக்க இது போதும். சேர்த்த புகை தனியாக மிதக்கும். அளவு சிறிதானாலும் அதில் தார் இருக்கிறது, கீழ்ஸ்தாயி இருக்கிறது. காஃபி ஸ்டில் வழியே ஏறிவந்த புகையில் கீழ்ஸ்தாயி இல்லை. பழத்தோடு ஒட்டிப் பின்னிக்கொண்டு வருகிறது. எங்கள் தீர்ப்பு காஃபி ஸ்டில் புகைக்குத்தான். பீப்பாய்ப் புகை முதல் வாயில் ஆளைக் கவரும், மூன்றாவது வாயில் மேலே பூசிய வண்ணம் போலத் தெரியத் தொடங்கும்.

சோடாவோடு இது நன்றாகப் போகும், புகை மால்ட்டுகளைவிடவும். உயரமான கிளாஸில் ஐஸ் நிரப்பி, கிளாஸ் குளிர்ந்ததும் உருகிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, 40 மில்லி விஸ்கி, 120 மில்லி நன்றாகக் குளிர்ந்த சோடா. ஐஸ் உருகும் முன் 11.5 சதவீதம். சோடாவை ஐஸ் மேல் படாமல் ஓரமாக ஊற்றி, கரண்டியால் அடியிலிருந்து ஒரே ஒரு முறை தூக்கிவிட்டால் போதும். கலக்கோ கலக்கென்று கலக்கினால் வாயு போய்விடும். மேலே வந்து உடையும் குமிழிகள்தான் புகையை மூக்குக்குக் கொண்டுவருகின்றன. நேரடியாகக் குடிக்கும்போது ஐஸ் கூடாது என்று சொன்னதற்கு இது முரணாகத் தோன்றலாம். இங்கே குளிர் அடக்குவதைக் குமிழி ஈடுகட்டிவிடுகிறது. எலுமிச்சை பிழியத் தேவையில்லை, அந்த வேலையை ஸ்பிரிட்டே செய்கிறது.

பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள். படுக்க வைத்தால் 46 சதவீத ஆல்கஹால் கார்க்கைத் தின்று, தூளாக்கி, விஸ்கிக்குள் தள்ளிவிடும். வெயில் படக்கூடாது. பாதிக்குக் கீழே போனதும் உள்ளே இருக்கும் காற்று வேலையைத் தொடங்கும். கனமான புகை விஸ்கி சில மாதங்களில் கொஞ்சம் மழுங்கினாலும் தாங்கும். இதில் இருப்பதே கொஞ்சம் புகை என்பதால் மழுங்கினால் மிஞ்சுவது வெறும் வெனிலா. மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியதும் 200 மில்லி கண்ணாடி பாட்டிலுக்கு, கழுத்து வரை நிரம்பும்படி, மாற்றிவிடுங்கள். அந்த பாட்டிலில் முன்பு என்ன இருந்தது என்பதையும் ஒருமுறை முகர்ந்து பார்த்துக்கொள்ளுங்கள்.